பெயர் போடாத உபயம்

எங்கள் ஊரில் காசு கொடுத்துவிட்டுப் பெயர் போட வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் பிரேமகுமார்தான். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

ஜொகூரில் இருக்கிற எங்கள் ரெங்கத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். கோயிலில் விளக்கு எரிந்தால் அந்தக் குழல்விளக்கின் மேலேயே 'உபயம் இன்னார்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். பாதி வெளிச்சம் அந்த எழுத்திலேயே நின்றுவிடும். காத்தாடி சுற்றினால் ஒரு குடும்பத்தின் பெயர்கள் எல்லாம் சேர்ந்து சுற்றும். பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்ற நாங்கள் சேர்ந்த குழுவின் தலைவர் சபாபதி இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். சுடுகாட்டில் கால் கழுவுகிற குழாயில்கூட அவர் பெயர்தான். "செத்தாலும் அந்த மனுசன்கிட்டேருந்து தப்பிக்க முடியாது கோமளா" என்று என் வீட்டுக்காரர் செல்லப்பன் சிரிப்பார். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. பெயருக்காகக் கொடுத்தாலும் கொடுக்கிறார். நாளைக்கு ஏதாவது ஒன்றென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதாவது தெரியும்.

நான் முப்பது வருடம் நில அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவள். முகப்பில் வந்து நிற்கிறவர்களில் கத்துகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. சிரித்துக்கொண்டு வருகிறவர் நீட்டுகிற தாளைத்தான் இரண்டு முறை படிப்பேன். அந்தப் பழக்கம் வேலையை விட்ட பிறகும் என்னை விடவில்லை.

நாங்கள் காப்பாற்ற நினைத்த கட்டடம் வெள்ளைப்பாலம் தோட்டத்து ஆயாக்கொட்டகை. டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். கித்தா என்கிற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்து, சனங்கள் ரெங்கத்துக்கும் குளுவாங்குக்கும் சாஆவுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே மிஞ்சி நிற்பது அது ஒன்றுதான். அந்தக் காலத்தில் பெண்கள் இருட்டோடு பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள். ஆயா பார்த்துக்கொள்வாள். தகரக் கூரை போட்ட நீளக் கூடம். குறுக்கே ஏழு உத்தரம். ஒவ்வொரு உத்தரத்திலும் சாரோங் துணியில் தொட்டில் கட்ட ஐந்தைந்து இரும்புக் கொக்கி. கட்டி தொண்ணூறு வருடம் ஆகிறது, உத்தரத்தில் கறையான் பல் படவில்லை.

அதைச் சரிசெய்து மறுபடியும் பிள்ளைகள் காப்பகமாகத் திறக்க வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாம் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். என் எதிர்வீட்டு ரூபினி தன் மகளை ஒரு வீட்டில் விடுகிறாள். அங்கே ஒரே அறையில் ஒன்பது பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஒரே ஒருத்தி, அவளுக்கும் பாதி நேரம் போனில்தான் கண். பழைய கட்டடங்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பு கோலாலம்பூரில் இருக்கிறது என்று தெரிந்து எழுதிப் போட்டோம். பதில் வந்தது. ஊர் பாதிச் செலவைத் திரட்டினால் மறு பாதியை அவர்கள் தருவார்கள். அந்தக் கொட்டகையைப் பயன்படுத்திய பழைய தொழிலாளர் ஒருவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் நடக்க வேண்டும். நடந்தால் இடம் எங்களுக்குக் குத்தகைக்கு என்றும், நடக்காவிட்டால் ஏப்ரலில் இடித்துவிட்டு உரக்கிடங்கு கட்டப்போவதாகவும் தோட்டக் கம்பெனி எழுத்திலேயே கொடுத்துவிட்டது.

எனக்கு இது வெறும் கட்டடம் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய பள்ளிக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்கிறேன் என்று ஒருவன் வந்தான். நன்றாகச் சிரிப்பான். ஊரே காசு கொடுத்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். அவன் போனவன் போனவன்தான். இன்றைக்கும் சந்தையில் மீன் வாங்கும்போது யாராவது, "கோமளாக்கா, பள்ளிக்கூடம் எப்ப தொறக்குறீங்க?" என்று கேட்பார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் நான் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் பிரேமகுமார் வந்தார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிதிக்காகக் கோயில் வாசலில் தோசை விற்றுக்கொண்டிருந்தோம். அறுபது வயது இருக்கும். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று ஜொகூர் பாருவில் இருக்கிறாராம். நாலு தோசை வாங்கினார், ஒன்றையும் தொடவில்லை. இன்னும் எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். பாதிக்கு மேல் குறைகிறது என்றேன்.

"கொறையுறத நான் போட்டுர்றேன் மேடம். இப்ப கொஞ்சம், மிச்சம் மார்ச்ல. ரெண்டே விசயம்தான். எம்பேரு எங்கயும் வர வேணாம். அப்புறம், வாசல்லேருந்து மூணாவது உத்தரம் இருக்குல்ல, அதுல மட்டும் தொட்டில் கட்ட வேணாம்."

"ஏன் சார்?"

"சும்மாதான்."

நில அலுவலகத்தில் இந்தச் சும்மாவை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சும்மா என்று ஆரம்பித்த எதுவும் சும்மா முடிந்ததில்லை. வாசலிலிருந்து மூன்றாவது என்று எண்ணிச் சொல்லும் அளவுக்கு இந்த ஆள் எப்போது உள்ளே போய்ப் பார்த்தார்? சபாபதிக்கு என்னைவிட அதிகக் கலக்கம். "பேரு வேணாமா? நெசமாவா சொன்னாரு?" என்று மூன்று முறை கேட்டார். ஆனாலும் வருகிற காசை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. முதல் தவணை மறுநாளே குழுவின் கணக்கில் வந்துவிட்டது. அதுவே எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்காரனும் முதலில் தன் கையிலிருந்துதான் போட்டான்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்த ஒவ்வொன்றும் எனக்கு உறுத்தியது.

மாதம் இரண்டு முறை கொட்டகையைச் சுத்தம் செய்ய எல்லோரும் சேர்ந்து கோத்தோங் ரோயோங் என்று கூட்டு வேலைக்குப் போவோம். எழுபத்தெட்டு வயது வெள்ளையம்மாவும் தவறாமல் வந்துவிடுவாள். அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டிய பெண்களில் ஊரில் மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். விளக்குமாற்றை எடுத்தால் வாசலிலிருந்து இரண்டாவது உத்தரம் வரை பெருக்குவாள், பிறகு அதை யாரிடமாவது கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுவாள். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

பிரேமகுமார் வருவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்வார். எப்போதும் ஒரே கேள்வி. "வெள்ளையம்மாக்கா இன்னைக்கி வர்றாங்களா?" வருகிறாள் என்றால் அவர் வரமாட்டார். வரவில்லை என்றால் வருவார், யாரோடும் பேசாமல் கூரையைப் பார்ப்பார், கொக்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பார், போய்விடுவார். கிழவியின் பெயர் இவருக்கு எப்படித் தெரியும்? ஏன் அவள் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கிறார்? வயதானவர்களிடம் வேறு ஏதோ தாளில் கையெழுத்து வாங்கி நிலத்தை அமுக்கிய கதைகள் எனக்குக் கொஞ்சமா தெரியும்? வெள்ளையம்மாவிடம் போய், நான் பக்கத்தில் இல்லாமல் யார் தாள் நீட்டினாலும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டிசம்பரில் ஒருநாள் குளுவாங்கில் ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைந்தேன். மூலை மேசையில் பிரேமகுமார். எதிரே தோட்டக் கம்பெனி மேனேஜர். நடுவே ஒரு நில வரைபடம். தலைகீழாக இருந்தாலும் அது கொட்டகை நிற்கிற இடம் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டதும் பிரேமகுமார் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். "வாங்க மேடம், கோப்பி குடிக்கிறீங்களா?" என்று சிரித்தார். மறுநாள் போன் செய்து, கம்பெனி எங்களுக்குத் தந்திருந்த குத்தகைக் கடிதத்தின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நேரா அவருகிட்டயே கேட்டுற வேண்டியதுதானே?" என்றார் செல்லப்பன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டா சொல்லிருவானா?"

"கேட்டாத்தானே தெரியும்."

முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு உலகம் எல்லாம் நேர்ச்சாலைதான் என்று சொல்லிவிட்டு நான் என் வழியில் போனேன். நகல் கொடுத்தேன், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறேன் என்று எழுதி.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் கோயில் விளக்குகளைத் துலக்கினோம். வெள்ளைப்பாலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலை அகற்றியபோது அதன் சாமான்கள் எல்லாம் எங்கள் டவுன் கோயிலுக்கு வந்துவிட்டன. அதில் ஒரு சின்னத் தொங்குவிளக்கு. புளி போட்டுத் தேய்த்ததில் அடிப்பக்கம் எழுத்து தெரிந்தது. 'உபயம் ஆயா ராசம்மா மகன் பிரேமகுமார் 1964.'

அந்த விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அந்த ஆயா மாரியம்மனுக்கு வாங்கி வைத்த விளக்கு. அப்படியென்றால் இவர் அந்தக் கொட்டகை ஆயாவின் மகன். மூடி மறைத்ததற்கெல்லாம் காரணம் இதுதானா? பெரிய இன்ஜினியர், ஜொகூர் பாருவில் மாடி வீடு, அம்மா பிள்ளைகளுக்குக் கால் கழுவி விட்ட ஆயா என்று வெளியில் தெரிந்தால் கௌரவக் குறைச்சல். வெள்ளையம்மா பார்த்தால் அடையாளம் கண்டுவிடுவாள், அதற்காகத்தான் ஒளிந்து ஒளிந்து வருகிறார். என் சந்தேகம் ஒரே நாளில் கோபமாக மாறியது. உண்மையைச் சொன்னால், கோபம் சந்தேகத்தைவிடச் சுகமாக இருந்தது. என் அம்மாவும் பள்ளிக்கூடம் பெருக்கியவள்தான். நான் அதை யாரிடமும் மறைத்ததில்லை.

சபாபதியிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒரு பெயர் கிடைத்துவிட்டதே. அன்று மாலையே கொட்டகை வாசலில் மாட்டப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டார்.

"அவரு வேணாம்னு சொன்னாருல்ல?" என்றார் செல்லப்பன்.

"அவருக்கு வேணாம். அவங்க அம்மாவுக்கு வேணும்ல. ஊரே பாக்கட்டும். அப்ப மூஞ்சிய எங்க வெச்சுக்குறாருன்னு நானும் பாக்குறேன்."

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை அமைப்பிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. கட்டடத்தைப் பார்த்து, வெள்ளையம்மாவின் கையெழுத்தை நேரில் வாங்கிக்கொண்டு போவாள். அதிகாலையில் பிரேமகுமார் போன் செய்தார். வழக்கமான கேள்வி. வெள்ளையம்மா குளித்துப் புதுச்சேலை கட்டி என் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"இல்ல சார், அவங்களுக்கு ஒடம்புக்கு முடியல" என்றேன்.

கொட்டகை வாசலில் ஒரு ஐம்பது பேர் கூடியிருந்தோம். பிரேமகுமார் கூட்டத்தின் பின்னால் வந்து நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் சபாபதிக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் பலகையை மூடியிருந்த மஞ்சள் துணியை இழுத்தார். 'உபயம்: ஆயா ராசம்மா மகன் பொறியாளர் பிரேமகுமார்.' எல்லோரும் கைதட்டினார்கள். சபாபதி எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

வெள்ளையம்மா முன்வரிசை நாற்காலியில் இருந்தாள், மடியில் கடிதம், கையில் பேனா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் வாய்விட்டு.

"ஆ… யா… ரா… ச… ம்…"

அதோடு நின்றுவிட்டாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் தலைகுனிந்து நின்றார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை நாற்காலியில் வைத்தாள், கடிதத்தை அதன்மேல் வைத்தாள், எழுந்தாள்.

"நான் கையெழுத்துப் போடல."

வெயிலில் அவள் பாட்டுக்குச் செம்மண் சடக்கில் நடக்க ஆரம்பித்தாள். செல்லப்பன் ஓடிப்போய்க் காரில் ஏற்றிக்கொண்டார். அமைப்பிலிருந்து வந்த பெண் கோப்பை மூடினாள். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது, ஆனால் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். சனங்கள் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்தது.

எல்லோரும் போன பிறகு உள்ளே போனேன். பிரேமகுமார் மூன்றாவது உத்தரத்துக்குக் கீழே நின்றிருந்தார்.

"அவங்க வர மாட்டாங்கன்னு சொன்னீங்களே மேடம்."

நான் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தேன்.

"இந்த உத்தரந்தான்" என்றார். "அறுபத்தொம்போது. எனக்கு அஞ்சு வயசு. காய்ச்சல்ல கெடந்தேன். புள்ளைக்கி வலிப்பு வருதுன்னு யாரோ அம்மாகிட்ட வந்து சொல்லியிருக்காங்க. ஒரு சின்னப் பொண்ண பாத்துக்கச் சொல்லிட்டு அம்மா லயத்துக்கு ஓடி வந்துட்டாங்க. அந்த நேரத்துல கொக்கி கழண்டுக்கிச்சு. தொட்டில் கீழ விழுந்துருச்சு. வெள்ளையம்மாக்காவோட மொதப் புள்ள. ரெண்டு மாசம்."

நான் நின்ற இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி நின்றேன்.

"தோட்டமே எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. மறுநாளே சாஆவுக்குப் போயிட்டோம். அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அம்மா ஒரு கைப்புள்ளையத் தூக்குனதில்ல மேடம். எம்புள்ளைங்களக்கூட. நான் நீட்டுவேன், அவங்க கைய பின்னால கட்டிக்குவாங்க." அவர் கொக்கியைப் பார்த்தபடியே பேசினார். "எங்க பேரு இருந்தா வெள்ளையம்மாக்கா இந்தப் பக்கம் வர மாட்டாங்க. எனக்கு அது தெரியும். அதனாலதான் வேணாம்னு சொன்னேன்."

பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என் கையில் கொடுத்தார். தோட்டக் கம்பெனியின் முத்திரை போட்ட கடிதம். "குத்தகை மூணு வருசம்னு இருந்துச்சு. மூணு வருசத்துல எப்ப வேணும்னாலும் வெளிய போகச் சொல்லலாம். மேனேஜர்கிட்ட நாலு மாசம் பேசி முப்பது வருசம் ஆக்கியிருக்கேன். பத்திரமா வெச்சுக்குங்க. மிச்சப் பணம் நாளைக்கி வந்துரும்."

திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பலகைய மட்டும் எடுத்துருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெட்கக்கேடு, பழக்கம் அப்போதும் போகவில்லை. ஒரு வரியில்கூடத் தப்பு இல்லை.

வெள்ளையம்மா டவுனில் மகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். இரண்டு முறை போனேன், மகளே வந்து தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை போனபோது மார்ச் இருபத்தெட்டு. நான் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வரச் சொன்னாள்.

"காச நான் வேணாங்கல" என்றாள் எடுத்த எடுப்பில். "புள்ளைங்களுக்கு ஆவட்டும். அவ பேரு அங்க இருக்கக்கூடாது."

"எடுத்துர்றேன்மா. தப்பு எம்மேலதான். அவரு வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் போட்டேன்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "புள்ளைய விட்டுட்டு எங்க போனா அன்னைக்கி? கள்ளுக்கடைக்கிப் போனான்னாங்க. கிராணி வூட்டுக்குப் போனான்னாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க."

"மகனுக்குக் காய்ச்சலாம்மா. வலிப்பு வந்துருச்சாம். அதுக்குத்தான் ஓடிப்போயிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"அவருதான். அந்த மகன்."

சமையலறையில் மகள் குக்கரைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அவ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களாம்மா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அப்படிக் கேட்க இந்த உலகத்தில் கடைசித் தகுதி உள்ளவள் நான். ஐந்து மாதம் அந்த மனிதரை வேவு பார்த்தேன், நகலில் கோடு போட்டேன், விளக்கின் அடியில் படித்தேன், வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. 'சும்மாதான்' என்றதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"கேக்கல" என்றாள் வெள்ளையம்மா. "நான் கேக்கல. ஒருத்தரும் கேக்கல. எல்லாருமாப் போயி அவ வாசல்ல நின்னு சொன்னோம். சொல்லிட்டே இருந்தோம்."

கையை நீட்டினாள். கடிதத்தையும் பேனாவையும் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தது போலவே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பேர எடுத்துரு. மறந்துறாத."

அன்றைக்கே மண்ணெண்ணெயும் பிளேடும் எடுத்துக்கொண்டு போனேன். சபாபதி ஆள் அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். நான் எழுத வைத்தது, நானே சுரண்ட வேண்டும். ராசம்மா என்ற பெயரைக் கடைசியாகத்தான் சுரண்டினேன். ஒரு தப்பும் செய்யாத பெண்ணை ஊர் இரண்டாவது முறை விரட்டுகிறது, அதற்கு நான் கூலியாள். 'உபயம்' என்ற சொல்லை மட்டும் விட்டு வைத்தேன். அதற்கு அப்புறம் வெற்றிடம். இடம் காலியாகத்தானே இருக்கிறது, கொக்கிகளை மாற்றிய வகையில் தன் பெயரைப் போடலாமா என்று சபாபதி கேட்டார். நான் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

கொட்டகை திறந்து இப்போது ஒரு வருடம் ஆகப்போகிறது. முப்பத்திரண்டு பிள்ளைகள். ரூபினியின் மகள் பின்பக்கத்து அறையில் பாய் போட்டுத் தூங்குகிறாள், கைக்குழந்தைகளுக்கு மட்டும் தொட்டில், மூன்றாவது உத்தரத்தைத் தவிர. வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு யார் உபயம் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லிவிடுவேன். சந்தையில் இப்போது யாரும் என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

திறந்த புதிதில் வெள்ளையம்மா தினமும் காலையில் வந்துவிடுவாள். இரண்டாவது உத்தரம் வரை பெருக்குவாள், போய் வெளியே உட்கார்ந்துகொள்வாள். பிரேமகுமார் வரவே இல்லை, போனும் இல்லை. திறந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் அவள் விளக்குமாற்றை என் கையில் கொடுக்காமல் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"செவ்வாக்கெழம நான் வர மாட்டேன்."

"ஏம்மா, ஆஸ்பத்திரியா?"

"அவன வரச் சொல்லு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த மூணாவது உத்தரத்துக்குக் கீழ கூட்டச் சொல்லு. எனக்கு அங்க போவ முடியல. மத்ததுங்க கூட்டுனா மூலைல தூசி நிக்கிது."

போன் செய்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். எத்தனை மணிக்கு வரலாம் என்று மட்டும் கேட்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் ஜொகூர் பாருவிலிருந்து வருகிறார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுவரில் சாய்த்திருக்கும் அந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். நான் அலுவலக அறையில் என் வேலையைப் பார்ப்பேன். எட்டிப் பார்ப்பதில்லை.